ஏற்காட்டையும் சேர்த்து ஆராயுங்கள்: முதியோர் மறதி நோய் குறித்து ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

டிமென்ஷியா என்கிற முதியோர் மறதி நோய் பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்றை நம் மாவட்டத்தில் தொடங்குங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஊர்களையும் முதல் நாளிலிருந்தே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த நோய் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருவதில்லை. இறந்த முதியவர்களின் மூளையைப் பரிசோதித்த ஆய்வுகளில், டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயின் புரதப் படிவுகள் இருந்த அதே மூளையில் ரத்தக்குழாய் அடைத்த சின்னச் சின்னத் தழும்புகளும் அடிக்கடி தென்பட்டிருக்கின்றன. 2024இல் வந்த, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேளாமை, பார்வைக் குறை, தனிமை, காற்று மாசு, சிறுவயதில் படிக்க முடியாமல் போனது எல்லாம் அதில் உண்டு. இந்த 14ஐயும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு.

என் அம்மாவுக்கு இவற்றில் பாதி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் காலமெல்லாம் கொலுசுக்குப் பற்றவைத்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர். மறதிக்கு மட்டும், "வயசானா அப்படித்தாம்மா" என்ற பதில்தான் வெகுநாள் கிடைத்தது. அப்புறம் ஓரிடத்தில் சோதனை வைத்தார்கள். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, அதேபோல் வரையச் சொன்னார்கள். அம்மா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டார். கேட்ட கேள்விகளில் பல அவர் காதிலேயே விழவில்லை. மதிப்பெண் குறைந்தது. ஆனால் அன்று மாலையே ஒரு கொலுசை விரலால் தடவிப் பார்த்து, எந்தக் கண்ணி சரியாகப் பற்றவில்லை என்று சொன்னார். அந்த மதிப்பெண்ணில் நோய் எவ்வளவு, படிக்காதது எவ்வளவு, காது எவ்வளவு? பிரித்துச் சொல்ல யாரும் இல்லை.

படிப்பில்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனை செய்ய முடியாத காரியம் அல்ல. 10/66 என்ற ஆய்வுக் குழு பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னையிலும் வேலூரிலும் அப்படிச் சோதித்துக் காட்டியிருக்கிறது. கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் பகுதியில், கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வே நடக்கிறது. அதைச் சேலத்திலும் செய்யலாமே.

ஏன் மலையையும் சேர்க்கச் சொல்கிறேன்? இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அது அதிகம். ஏற்காட்டின் மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் நடந்தே பழகிய உடம்பு, அது நல்லது. ஆனால் காலமெல்லாம் விறகடுப்புப் புகை, படிக்க வாய்ப்பில்லாத இளமை, கவனிக்கப்படாத பிரஷர், கண்புரை. கீழே இருப்பவர்களுக்கு வேறு கலவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எந்தக் காரணம் எங்கே கனக்கிறது என்று தெரியும். மறதி நோய்க்கான ரத்தப் பரிசோதனையிலும், மேலைநாட்டுக்காரர்களின் ரத்தத்தை வைத்து வகுத்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அல்சைமருக்காக இப்போது அளக்கும் பி-டௌ 217 என்ற புரதம், சிறுநீரகம் பழுதானாலும் ரத்தத்தில் கூடும். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் ஊரில் குறைவா என்ன?

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் காது, கண், மறதி பற்றிய நான்கு கேள்விகளையும் கொடுங்கள். மறதியைப் பற்றி முதியவரிடம் மட்டும் கேட்காமல், கூட இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். பி12 குறைவு, தைராய்டு போல மருந்தால் சரியாகக்கூடியது எதுவும் தெரிந்தால், ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் உடனே சிகிச்சை கொடுங்கள். மலையில் ரத்தம் எடுத்துப் போனால், முடிவை அந்த வீட்டுக்கே திரும்ப வந்து, அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.