கடைசி இடத்தில் இருக்கும் பள்ளியில் யார் படிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் எந்தெந்த நடுநிலைப் பள்ளிகளில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த பட்டியலைப் பார்த்தேன். ஒருவர்கூடத் தேறாத பள்ளிகளைத் தனிக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணிக்கையில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் யார் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கட்டம் மட்டும் போட்டது பெரிய அநியாயம்.

அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருவது லைன் வீடுகளிலிருந்து, அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகளிலிருந்து. தேனி, ராமநாதபுரம், திருவண்ணாமலை என்று வெளி மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்தும் பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் செக்கிங்கிலும் கைமடியிலும் இருப்பவர்களின் பிள்ளைகள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பம் பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறது. தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கும் இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாம் வேண்டும். ஊரில் நிலைத்துவிட்டவர்களுக்கே அது கிடைக்கிறது. கையில் காகிதமும் இல்லாத, காசும் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளே அரசுப் பள்ளியில் மிஞ்சுகிறார்கள்.

மிஞ்சியவர்களும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஆர்டர் குறைந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். வாடகை ஏறினால் வேறு காம்பவுண்டுக்கு மாறுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் சிலர் பொங்கல் கழித்து வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை ஆண்டு முடிவில் புரட்டிப் பாருங்கள்: மேலே அடிக்கப்பட்ட பெயர்கள், கீழே புதிதாகச் சேர்த்த பெயர்கள். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயமோ ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான். அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து சேர்ந்தாலும் அந்த ஆண்டு அவர்கள் கணக்கில் வருவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும். மூவரில் ஒருவர் இடம் காலியாக இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஏழாம் வகுப்பில் எனக்கு ஓர் ஒடியாச் சிறுமி மாணவியாக இருந்தாள். அவள் அம்மாவுக்குப் பீஸ் ரேட் வேலை. டஜனுக்கு இவ்வளவு என்று, அந்த வாரம் அம்மா அடித்த உருப்படிகளுக்கு வர வேண்டிய கூலியை மனக்கணக்காகவே போட்டு, சனிக்கிழமை சம்பளத்தில் காண்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள். பருவத் தேர்வில் விகிதக் கணக்குக்கு எதிரே ஒன்றுமே எழுதாமல் தாளைக் கொடுத்தாள். தமிழில் பேசுவாள், வினாவில் இருந்த மூன்று வரியைத்தான் படிக்கத் தெரியவில்லை. அதே கணக்கை நான் வாயால் கேட்டதும் பென்சிலைத் தொடாமல் விடை சொன்னாள். மதிப்பெண் பட்டியலில் அவளுக்குப் பூஜ்யம். தங்கள் கட்டத்துக்குள் இருப்பவர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். “இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்” என்ற பேச்சை ஆசிரியர் அறையிலேயே கேட்டு மனம் கொதித்திருக்கிறேன். குடும்பப் பின்னணியைக் காரணம் காட்டிக் கைகழுவுவதும், பின்னணியையே பார்க்காமல் பள்ளியைக் குறை சொல்வதும் கடைசியில் அந்தப் பிள்ளையைத்தான் அடிக்கின்றன. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது என்ன தெரிந்திருந்தது, எட்டாம் வகுப்பு முடிக்கும்போது என்ன தெரிகிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் 11 வயதில் பிள்ளை இருந்த நிலையை 16 வயதில் எட்டிய நிலையோடு ஒப்பிட்டுப் பள்ளியை அளக்கும் முறையை 2016இல் கொண்டுவந்தார்கள். அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் வெறும் தேர்ச்சிக் கணக்கைவிட அது நியாயமானது.

இந்த உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுக்கு 48,000. பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்காக வந்த திட்டம் இது. பனியன் தொழிலாளியின் பிள்ளைக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும். அந்த வீடுகளுக்கு எட்டவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டியது பள்ளியை மட்டுமல்ல, வருமானச் சான்றுக்காக அந்தப் பெற்றோரை ஒரு நாள் கூலியை இழக்கவைக்கும் அலுவலகங்களையும்தான். தங்கள் செய்தி வந்த பிறகு ஒரு பள்ளியில் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். அடுத்த ஆகஸ்டுக்குள் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் போகும். பிறகு அந்தப் பள்ளி எப்படித் தேறும்?

கட்டாயக் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது. நடுநிலைப் பள்ளியும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளியில் சேர வேண்டிய அந்தக் கோடை விடுமுறையில்தான் பல பிள்ளைகள் கம்பெனிக்குள் போய்விடுகிறார்கள். யார் எந்தப் பள்ளியிலிருந்து போனார்கள், எங்கே சேர்ந்தார்கள், யார் எங்கேயும் சேராமல் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலிலேயே கிடக்கிறார்கள் என்பதெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் இருக்கிறது. அடுத்த முறை தேர்ச்சிப் பட்டியலை அச்சிடும்போது, ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், தாய்மொழி தமிழ் அல்லாதவர்கள் எத்தனை பேர், காலியாக உள்ள பணியிடங்கள் எத்தனை என்று பள்ளிவாரியாகக் கேட்டு வாங்கி அருகிலேயே போடுங்கள். ஜூலை மாதத்தில் ஒரு நிருபரை அனுப்பி, எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதில் சேரவில்லை என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருப்பூர்.