முகாம் முடிந்த மறுநாள் வரும் செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் ஆகியவற்றின் பணியேற்பு விழாச் செய்திகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். இச்சங்கங்களின் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30-இல் முடிவதால், எல்லா ஊர்களிலும் புதிய தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஒரே பருவத்தில் பொறுப்பேற்கிறார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம் என்று ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மட்டும் மாறிய ஒரே செய்தி பல நாட்களுக்கு வெளிவருகிறது. அவற்றை வெளியிட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே சங்கங்கள் நடத்தும் கண் சிகிச்சை முகாம்களின் செய்தி முகாமுக்கு முன்னால் வராமல், முடிந்த மறுநாள் வருகிறதே, அதைப் பற்றியே இக்கடிதம்.

எங்கள் தெருவில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வலக்கண்ணில் புரை முற்றி வெளுத்துவிட்டது. இடக்கண்ணும் மங்கிவர, மாலையில் பட்டிக்குள் வந்த ஆடுகளைத் தடவித்தான் எண்ணிக்கொள்வார். கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியில் இலவசக் கண் முகாம் நடந்தது. அன்று அவர் வழக்கம்போல் ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டுப் பக்கம் போய்விட்டார். மறுநாள் காலை தேநீர்க் கடையில் யாரோ நாளிதழை உரக்கப் படித்தபோதுதான் முகாம் நடந்த செய்தி அவர் காதில் விழுந்தது. "முந்தாநாளே சொல்லியிருந்தா ஆட்டைப் பட்டியில அடைச்சுட்டுப் போயிருப்பேனேய்யா" என்று அவர் என்னிடம் கேட்டார். எங்கள் பகுதியில் அடுத்த முகாம் நடக்க நான்கு மாதங்கள் ஆயின.

அந்தச் செய்தியில் படத்தோடு பதினான்கு பெயர்கள் இருந்தன. அதை எழுதியவன் நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றுக்குப் பத்திரிகைக் குறிப்புகளை எழுதிக் கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. நான் அச்சங்கத்தின் உறுப்பினன் அல்லன். ஆயினும் பட்டயத் தலைவர், மண்டலத் தலைவர், வட்டாரத் தலைவர், முன்னாள் தலைவர்கள் ஆகியோரின் பெயர்களை எந்த வரிசையில் எழுத வேண்டும், யார் பெயருக்கு முன்னால் எந்த எழுத்துகள் வர வேண்டும் என்பதெல்லாம் இலக்கண விதிகளைப் போல எனக்கு மனப்பாடமாயிற்று. ஒரு பெயர் விடுபட்டாலும் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வரும். முகாம் நடக்கும் தேதியை முன்கூட்டியே நாளிதழுக்கு அனுப்பினீர்களா என்று கேட்டு ஒருமுறைகூட எனக்குத் தொலைபேசி வந்ததில்லை. நானாகவும் அனுப்பியதில்லை.

இதை நான் பெரிய குறையாகக் கருதுவதற்குக் காரணம், இத்தகைய முகாமில் சங்கத்தின் பங்கு என்ன என்பதிலேயே இருக்கிறது. மருத்துவர்கள், செவிலியர்கள், கருவிகள், அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், மருந்து எல்லாவற்றையும் கண் மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. பள்ளியில் அனுமதி பெறுவது, பெஞ்சுகளை வரிசைப்படுத்துவது, குடிநீரும் உணவும் ஏற்பாடு செய்வது, பெயர் பதிவது, முதியோரைக் கைப்பிடித்து ஒவ்வொரு மேசைக்கும் அழைத்துச் செல்வது ஆகியவை சங்கத்தாரின் வேலைகள். இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை, முகாம் நடக்கப்போகிறது என்பதைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத் தெரிவிப்பது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுகிறார்கள், நோட்டீஸ் ஒட்டுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ஆட்டோ பெரும்பாலும் முதன்மைச் சாலையோடு திரும்பிவிடுகிறது; நோட்டீஸைப் படிப்பதற்கோ, யாருக்காக முகாம் நடத்துகிறோமோ அவர்களுக்குக் கண் தெரிவதில்லை.

இலவசம் என்றால் கூட்டம் தானே வரும் என்று எண்ணுவது தவறு. முகாமுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அறுவை சிகிச்சைக்குத் தேர்வானால் இரண்டு மூன்று நாட்கள் போகும். ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். "இந்த வயசுல பார்த்து என்ன ஆகப்போகுது" என்று வீட்டாரே சொல்லிவிடுவதும் உண்டு. பழைய அச்சமும் இன்னும் தீரவில்லை. ஒரு காலத்தில் முகாம் நடந்த பள்ளி வகுப்பறையிலேயே அறுவை சிகிச்சையும் செய்தார்கள். புரையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வாழ்நாள் முழுவதும் நடமாட வேண்டியிருந்தது. இன்று அறுவை சிகிச்சை மருத்துவமனையில்தான் நடைபெறுகிறது, லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அந்த லென்ஸ் ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்ததில் மதுரைக்குப் பெரும் பங்கு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தொடர்ச்சியாக, 1992-இல் உருவான ஆரோலேப் நிறுவனம் அந்த லென்ஸை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது. இவ்வளவும் நடந்த மதுரைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, எங்கள் தெருவில் ஒருவர் ஆட்டைத் தடவி எண்ணுகிறார் என்றால், தடையாக நின்றது மருத்துவமோ பணமோ அல்ல.

ஆகையால் தங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. முகாமுக்கு மூன்று நான்கு நாட்கள் முன்னதாக, நாள், இடம், நேரம் ஆகியவற்றோடு நான்கு வரி வெளியிட்டால் போதும். ஆதார் அட்டையின் நகலையும், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு உட்கொள்ளும் மாத்திரைகளையும், மாற்றுத் துணியையும் எடுத்துவர வேண்டும், தலைக்குக் குளித்து வர வேண்டும் என்பன போன்ற குறிப்புகளையும் அதிலேயே சேர்த்துவிடலாம். இவை தெரியாமல் வந்து, அன்று சிகிச்சைக்குப் போக முடியாமல் திரும்பியவர்களை நான் பதிவு மேசையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். இத்தகைய அறிவிப்பை விளம்பரமாகக் கருதிக் கட்டணம் கேட்கும் வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். குழுப்படம் செய்தியாகும்போது, முகாம் நடக்கும் நாள் மட்டும் எப்படி விளம்பரம் ஆகும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முகாம் முடிந்தபின் எழுதும் செய்தியும் கொஞ்சம் மாற வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம். அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தில் ஏறினார்கள், எத்தனை பேர் பயந்தோ வீட்டார் தடுத்தோ ஏறவில்லை, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நானும் எழுதியதில்லை, எவரும் எழுதி நான் படித்ததில்லை. செய்தியாளர் ஒருவர் இதைக் கேட்கத் தொடங்கினால், சங்கத்தாரும் அதைக் குறித்து வைக்கத் தொடங்குவார்கள்.

ஆண்டுக்கு ஒரு தலைவர் என்ற முறையும் இங்கே கவனத்துக்குரியது. ஒருவரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதை அது தடுக்கிறது என்பதால் நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் வைத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் அடுத்தவர் காலத்தில் பழுதாகி, அதன் மேலிருக்கும் பெயர்க் கல்வெட்டு மட்டும் பளிச்சென்று இருப்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். தலைவர் மாறினாலும் பணி மாறாமல் இருக்க முடியும் என்பதற்கு ரோட்டரியின் போலியோ ஒழிப்பே சான்று. 1985-இல் கையிலெடுத்த அந்தப் பணியை அடுத்தடுத்து வந்த தலைவர்கள் எவரும் கீழே வைக்கவில்லை. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் நேர்ந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு ஏற்பட்டது. 2014 மார்ச் 27-இல் தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அரிமா சங்கங்களிடம் பார்வையற்றோருக்காகப் பாடுபடுமாறு ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டது 1925-இல். அந்தப் பணியும் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. பன்னாட்டு அளவில் இருக்கும் இந்தத் தொடர்ச்சி உள்ளூர்ச் சங்கத்தில் ஏன் ஜூன் 30-ஆம் தேதியோடு அறுந்துபோக வேண்டும்?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் வருகிறது. சங்கங்கள் பேரணி நடத்தும், உறுதிமொழிப் படிவங்களை வாங்கும், அவையும் படத்தோடு வரும். படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால் போதும் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், இறப்புக்குப் பின் குடும்பத்தார் சம்மதித்துத் தகவல் தெரிவித்தால்தான் கண்ணைப் பெற முடியும். அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். முதியவர், கண்ணாடி அணிந்தவர், புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோரின் கண்களையும் தானம் செய்யலாம். முகம் விகாரமாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. இறப்பு வீட்டில் இவற்றையெல்லாம் நினைவில் வைத்துச் செய்பவர் யார்? தங்கள் நாளிதழின் இரங்கல் விளம்பரப் பக்கத்தின் அடியில், அண்மையிலுள்ள கண் வங்கியின் தொலைபேசி எண்ணையும் இந்த நான்கு குறிப்புகளையும் நாள்தோறும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், இன்று அதைப் புரட்டிவிட்டுப் போகிறவர்களில் யாருக்காவது வேறொரு நாளில் நினைவுக்கு வரும்.

எங்கள் தெரு மூதாட்டி அந்த நான்கு மாதம் கழித்து நடந்த முகாமுக்குப் போனார். முதல்நாள் மாலையே நான் நேரில் போய்ச் சொன்னேன். ஆடுகளை மூன்று நாட்கள் என் வீட்டுக் கொல்லையில் கட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு கண்ணில் இப்போது பார்வை வந்திருக்கிறது. இன்னொரு கண்ணுக்கு அடுத்த முகாமை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நாள் தெரிந்தவுடன் நான்கு வரிக் குறிப்பு ஒன்றைத் தங்கள் பகுதிச் செய்தியாளருக்கு அனுப்பி வைக்கிறேன். அதில் யாருடைய பெயரும் இருக்காது, படமும் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஆண்டிபட்டி, தேனி மாவட்டம்.