டி4 சிப்பாயைச் சுற்றி

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள்தான் போதவில்லை. அதைச் சேலத்துக்கு இறங்கும்போது நேரில் பேசுவோம். உன் மகள் செஸ் ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) புத்தகத்தை மனப்பாடம் செய்கிறாள், எதிராளி ஆறாவது நகர்வில் வேறொன்றை ஆடினால் திணறிவிடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நகர்வு வரிசை அப்புறம் இருக்கட்டும், முதலில் சிப்பாய்கள் நிற்கும் நிலையைப் படிக்கச் சொல். அவள் கறுப்பில் ஆடும் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கையே எடுத்துக்கொள்: 1.ஈ4 ஈ6 2.டி4 டி5 3.ஈ5 சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6. (எழுத்து போர்டின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை. காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்தது கறுப்பு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்வு.) இங்கே நிறுத்திவிட்டு, சிப்பாய்களைத் தவிர மற்றக் காய்களைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சி3, டி4, ஈ5 என்று, ஒன்றையொன்று காத்துக் குறுக்காக நிற்கும் வெள்ளைச் சிப்பாய்களின் சங்கிலி தெரியும். சங்கிலியை அதன் அடிப்பகுதியில் தாக்கு என்றார் செஸ் மேதை நிம்சோவிச். சி-சிப்பாய்கள் வெட்டுப்பட்டதும் அந்த அடிப்பகுதி டி4-க்கு வந்துவிடும். கறுப்பின் குதிரையும் ராணியும் அங்கேயே குறிவைத்து நிற்பது அதனால்தான்.

இப்போது காய்களைத் திரும்ப வைத்து எண்ணட்டும். 6.பிஷப் ஈ2 வந்தால், சி-சிப்பாய்களை வெட்டிக்கொண்டு, கறுப்பின் இன்னொரு குதிரை ஈ7 வழியாக எஃப்5-க்குப் போகும். ஈ5 சிப்பாய் எஃப்6 கட்டத்தைப் பறித்துவிட்டதால்தான் இந்தச் சுற்று வழி. டி4-ஐத் தாக்குபவை மூன்று. வெள்ளைக்கு எஃப்3 குதிரையும் ராணியும் மட்டும் காவல் என்பதால், ஏ3-க்குப் போன குதிரை சி2-க்குத் திரும்பி வருகிறது. காரணம் தெரியாமல் பார்த்தால் அது வீண் நகர்வு போலத்தான் இருக்கும்.

6.பிஷப் டி3 வந்தால் கவனம் வேண்டும். பிஷப் ராணியை மறைக்கிறது, டி4 சும்மா கிடைப்பது போலத் தெரியும். 6...சிப்பாய் டி4-ல் வெட்டு, 7.சிப்பாய் வெட்டு, உடனே 7...குதிரை டி4-ல் வெட்டினால் 8.குதிரை வெட்டு, ராணி வெட்டு, 9.பிஷப் பி5 செக்! பிஷப் விலகியதும் வெள்ளை ராணியின் வழி திறந்துவிடுகிறது, கறுப்பு ராணி போயிற்று. முதலில் 7...பிஷப் டி7 வைத்துவிட்டால் அந்தச் செக் கிடையாது, அப்போதுதான் டி4-க்கு உண்மையான ஆபத்து. அதற்கு மேல் வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைப்பது) செய்து சிப்பாயைத் தியாகமாகவே விடலாம். அதன் பெயர் மில்னர்-பாரி கேம்பிட். கறுப்பு தயங்கினால் தாக்குதல் பலமாக வரும். இந்தத் தவறான நகர்வையும் அவள் கையாலேயே ஆடிப் பார்க்கட்டும், படித்தால் மட்டும் ஒட்டாது.

இரண்டு போர்டு வையுங்கள். ஒன்றில் பிரதான வரிசை, சின்னதில் கிளை நகர்வுகள். ஒரே போர்டில் பின்னுக்கு நகர்த்தி நகர்த்தி ஆடினால் ஏதோ ஒரு காய் தப்பான கட்டத்தில் நின்றுவிடும், அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் வேறு நிலையாகிவிடும். நீ வைத்திருக்கும் பழைய புத்தகத்தில் பி-கே4 (ராஜா வரிசைச் சிப்பாய் நான்காம் கட்டத்துக்கு) என்ற குறியீடு இருந்தால் ஒன்றைச் சொல்லிக் கொடு: வெள்ளை ஆடினால் அது ஈ4, கறுப்பு ஆடினால் ஈ5. அவரவர் பக்கத்திலிருந்து எண்ணும் முறை அது.

அத்தியாயம் 'சமநிலை' என்று முடியும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அங்கிருந்து நீயும் அவளும் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஆடுங்கள். பெரும்பாலும் சி8 பிஷப்தான் படுத்தும், ஈ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். டி7 வழியாக பி5-க்குப் போய் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கட்டும், இல்லாவிட்டால் சிப்பாயை எஃப்6-க்குத் தள்ளிவிட்டு ஈ8 வழியாக வெளியே வரலாம். செஸ் என்ஜினை (கணினி நிரலை) இதெல்லாம் முடிந்த பிறகே திறக்க வேண்டும். அது நகர்வைக் காட்டும், காரணம் சொல்லாது.

3.குதிரை சி3 அத்தியாயத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம், அங்கே சிப்பாய் நிலையே வேறு. எங்கே தடுக்குகிறதோ அந்த நிலையை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்.

உன் நண்பன்