எங்கள் ஆதாரும் சிட்டாவும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன: இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும் நாட்களில் உங்கள் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கி பாஸ்புக் என்று ஒரு குடும்பத்தின் மொத்த விவரமும் அப்போது உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. பி.எம். கிசான், விவசாயி அடையாள எண், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வருகிறோம். நீங்கள் இல்லாவிட்டால் எங்களில் பலருக்கு எந்தத் திட்டமும் கைக்கு வராது. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: எங்கள் விவரங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கியும் போலீசும் ஓயாமல் சொல்கின்றன. உங்கள் கடையிலோ, "தாத்தா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறீர்கள். படிக்கத் தெரியாத தாத்தா போனையே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். வேலை முடிய வேறு வழியில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் நம்பர் கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் படிகிறது. நாளைக்கு எவனோ ஒருவன், "கிசான் பணம் நின்னு போச்சு, ஆதாரைப் புதுப்பிக்கணும்" என்று போனில் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுவார். அதனால் கேட்கும்போதே, அது எந்த வேலைக்காக வந்த எண் என்று வாசித்துக் காட்டுங்கள். "நேர்ல இருக்கிறதால கேக்குறேன், போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க" என்றும் சொல்லுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்தது வாட்ஸ்அப். "இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்கிறீர்கள். அனுப்பிய ஆதாரும் பாஸ்புக்கும் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. அடுத்து வருபவர் தன் கோப்பைத் தேடும்போது ஊரார் எல்லாருடைய ஆதாரும் திரையில் ஓடுகிறது. பிரிண்ட் எடுத்ததும், அனுப்பியவரின் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். வாங்கிய காரியம் முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும் என்றுதான் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மங்கலாக விழுந்த நகல்களைக் கிழித்துப் போடுங்கள். பழைய பேப்பரோடு எடைக்குப் போய், பஜ்ஜி மடிக்கும் தாளாக அவை திரும்பி வரக்கூடாது.

இமெயில் இல்லாதவர்களுக்கு நீங்களே ஒன்று உருவாக்கித் தருகிறீர்கள். எல்லாருக்கும் பெயரோடு 123 சேர்த்து ஒரே மாதிரி பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மறந்தால் மீட்க உதவும் எண்ணாக உங்கள் கடை எண். இது எனக்குப் பெரிய கவலை. கடையை ஒருநாள் மூடிவிட்டு எண்ணை மாற்றினீர்கள் என்றால், அந்தக் கணக்குகளின் சாவி யார் கையில் இருக்கும்? அவரவர் எண்ணையே போடுங்கள். பாஸ்வேர்டை அவர் வீட்டுப் பிள்ளையை விட்டு மாற்றச் சொல்லுங்கள்.

கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் தம்பிகளே, ரேகை சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை வைக்கச் சொன்னால், முதல் முறை ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ரசீது கேட்காதவருக்கும் கொடுங்கள். ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம், ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. முழு எண் தேவைப்படாத இடங்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் அட்டையை எடுத்துத் தரலாம். கூட்டமில்லாத மதிய நேரத்தில் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில், வந்தவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் கட்டணம் வாங்கிக்கொண்டாலும் கொடுப்போம்.

அப்புறம், பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை ஏற்றும் கோப்பைத் திறந்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு முதலில் உங்களிடம்தான் ஓடி வருவார்கள். அது குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடும். அன்றைக்குத் திட்டாமல், முதலில் நெட்டை அணைத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

காப்பீட்டுக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பு டவுன்லோட்ஸைக் காலி செய்துவிட்டு, 1930 என்று கடைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவன்