இந்த வாரம் கேட்க: செசார் ஃப்ராங்கின் வயலின் சொனாட்டா

நண்பர்களே, இந்த வாரம் இசையமைப்பாளர் ஃப்ராங்க் 1886இல் எழுதிய ஏ மேஜர் (ஸ்வரவரிசையின் பெயர்) சொனாட்டா, அதாவது வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு படைப்பு. நான்கு பகுதிதான், அரை மணி நேரம்கூட ஆகாது, அதனால் வேறு வேலைக்கு நடுவில் ஓடவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள். பெல்ஜிய வயலின் கலைஞர் இசாயிக்குக் கல்யாணப் பரிசாக வந்தது இது. அதே ஆண்டு டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் ஓவியக்கூடம் ஒன்றில் அவரும் பியானோ கலைஞர் லியோன்டீன் போர்ட்-பென்னும் வாசிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது, ஓவியங்கள் இருக்கும் இடத்தில் விளக்கேற்ற அனுமதி இல்லை, கடைசியில் இசைக்குறிப்புத் தாளே தெரியாத இருட்டில் மிச்சத்தை மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள்!

பியானோவை வெறும் பக்கவாத்தியமாக நினைக்காதீர்கள், இரண்டாம் பகுதியில் அதற்குத்தான் பெரிய சோதனை. அப்புறம் நான்காம் பகுதி. பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும், ஒரே ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தள்ளி வயலின் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும், எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. இயர்போனில் கேட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஞாயிறு இரவு பேசலாம், உங்களுக்குப் பிடித்த இடத்தின் நிமிடத்தைக் குறித்து வையுங்கள்.