ஓடுபாதைக்கு முன்னால் வான்பாதையைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடை முதல் கல்யாண வீடு வரை நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. எந்த ஊரில் வரும், யார் நிலம் போகும், சென்ட் என்ன விலைக்கு ஏறும் என்றெல்லாம் கேட்கிறார்கள். விமான நிலையம் கட்டாயம் வரவேண்டும். ஆனால், மேலே வானத்தை யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லையே!

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் 2009 முதல் இயங்கிவருகிறது. ரோந்து விமானம், ஹெலிகாப்டர், ஆளில்லா விமானம் எல்லாம் அங்கிருந்து கிளம்பித்தான் கடலைச் சுற்றி வருகின்றன. மண்டபம் கரையில் வலைச் சிக்கெடுப்பவர்கள், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் தாழப் போனால் பேச்சை நிறுத்துவார்கள். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இதே வானத்தில்தான் நாளை பயணிகள் விமானமும் ஏறி இறங்கப் போகிறது.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, எதிரே 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதியது. இது பலருக்கும் தெரியும். டெல்லி வான்பரப்பில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால், வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையில் பறக்க வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கட்டுப்பாட்டாளரின் ரேடாரிலும் விமானத்தின் உயரம் தெரியாது. அத்தனை உயிர் போன பிறகுதான் தனித்தனிப் பாதை வந்தது, மோதலைத் தவிர்க்கும் டிகாஸ் கருவியும் கட்டாயமானது.

டிகாஸ்தான் இருக்கிறதே என்று சொல்வார்கள். நல்ல கருவிதான். எதிர் விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியோடு பேசி, ஒரு விமானியை ஏறச் சொல்லும், மற்றவரை இறங்கச் சொல்லும். ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குள் வந்துவிட்டால் அந்தக் கட்டளையைத் தராது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில், தரையிறங்க வந்த விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது, 300 அடிக்கும் குறைந்த உயரத்தில்தான். இரண்டுக்கும் ஒரே கட்டுப்பாட்டாளர், ஆனால் வானொலி அலைவரிசை வேறு வேறு. ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவே இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து அதன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் சமிக்ஞையும் வரவில்லை.

எனவே இடத்தை இறுதி செய்வதற்கு முன்பே கடற்படையும் விமான நிலைய ஆணையமும் மாநில அரசும் ஒன்றாக உட்கார வேண்டும். ஹெலிகாப்டர் வழி, பயணிகள் விமானம் இறங்கும் பாதையைக் குறுக்கே வெட்டக் கூடாது. விமான நிலையத்தை ஒட்டிப் பறப்பவர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும், டிரான்ஸ்பாண்டரை அணைக்கக் கூடாது. அவசர ரோந்து என்றால் அந்த நேரத்துக்குப் பயணிகள் விமானத்தை மதுரையிலேயே நிறுத்திவைக்கட்டும். பத்து நிமிடம் தாமதமானால் யாரும் கோபிக்க மாட்டோம். என்ன முடிவானது என்பதை, ரகசியம் போக மீதியையாவது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

– வாசகர், உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்