வைரஸின் சர்க்கரைப் போர்வை

அன்புள்ள நண்பா,

உன் மகள் உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நானும் சில மாதங்களாக அவள் துறையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், வைரஸை மடக்கும் தாவரப் புரதங்களைப் பற்றி.

இத்தனை செடிகொடிகள் இருந்தும் வைரஸுக்கு மருந்து ஏன் குறைவு என்று கேட்டிருந்தாய். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து நம் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. அதை அடித்தால் அடி நமக்கும் விழும். பாகல் விதையில் உள்ள மேப்30 என்ற புரதம் ஆய்வுக்கூடத்தில் எச்ஐவியைத் தடுத்தது. ஆனால் அது ரைபோசோமை, அதாவது செல்லுக்குள் புரதம் செய்யும் கருவியை, முடக்கும் வகை. ரைபோசோம் இல்லாமல் நம் செல்லும் பிழைக்காதே.

சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான லெக்டின்கள் வேறு வழியில் போகின்றன. எச்ஐவி, இன்ஃப்ளூயன்சா, கொரோனா எல்லாமே மேனோஸ் சர்க்கரைகளைப் போர்த்திக்கொண்டு வருபவை. வாழைப்பழத்தில் உள்ள பான்லெக் என்ற லெக்டின் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு, வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் செய்கிறது. தப்பிக்க வேண்டுமானால் வைரஸ் போர்வையைக் குறைக்க வேண்டும். குறைத்தாலோ நம் எதிர்ப்பொருள்களின் கண்ணில் பட்டுவிடும். என்ன அழகான இக்கட்டு!

சரி, சிக்கல் எங்கே? பான்லெக் நம் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களையும் தூண்டி, தேவையில்லாமல் பெருகவைத்து அழற்சியைக் கிளப்பும். 2015இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மார்கோவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் என்னைக் கட்டிப்போட்டது. புரதச் சங்கிலியில் 84ஆம் இடத்திலிருந்த ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு த்ரியோனினை வைத்தார்கள். சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி, ஒரே ஒரு அமினோ அமிலம்தான்! தூண்டும் குணம் வெகுவாகக் குறைந்தது, வைரஸைப் பிடிக்கும் பிடி தளரவில்லை. தீமையும் நன்மையும் ஒன்றாகவே வரும் என்று கைவிட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா?

2020இல் தைவான் ஆய்வாளர்கள் மொச்சை இனத்து லெக்டினான ஃப்ரில் என்பதை மூக்கு வழியாகக் கொடுத்து, இன்ஃப்ளூயன்சாவிலிருந்து எலிகளைக் காப்பாற்றினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாராவது வாழைப்பழம் தின்றால் போதும் என்று கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்து. மாற்றியமைத்த புரதம் பழத்தில் இல்லை. எலியைக் காப்பாற்றியது மனிதரையும் காப்பாற்றும் என்று சோதிக்காமல் சொல்லவும் முடியாது.

அப்புறம், மகளிடம் ஒன்று கேட்டுச் சொல். லெக்டினும் நம் உடலுக்கு அந்நியப் புரதம்தானே, திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடல் அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்காதா? அதைச் சமாளிக்க என்ன வழி பார்க்கிறார்கள்? அவளையே விரிவாக எழுதச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்